அவர் சொன்னதும் நான் சொன்னதும்

அவரிடம் ஒன்று கேட்டால் உடனே பதில் வராது. கேட்டவர் முகத்தைப் பார்க்காமல் நாலடி தள்ளித் தரையைப் பார்ப்பார். வலது கைக் கட்டைவிரலால் மற்ற விரல்களின் நுனியை ஒவ்வொன்றாகத் தொடுவார். சிலர் அதற்குள் பொறுமையிழந்து போய்விடுவார்கள். இருந்து கேட்டவர்களுக்கும் நாலைந்து சொல்லுக்கு மேல் கிடைக்காது. ஆனால் அந்த நாலைந்தில் ஒன்றுகூட மிகையாக இருக்காது.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்கிற இடத்தில் நான் இல்லை.

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில், மலையடிவாரத்தில் இருந்த ஒரு கல் குவாரியில் நான் ஆறு வருடம் அட்மின் வேலை பார்த்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். விசா, லீவு, கேன்சல் எல்லாக் காகிதமும் என் மேசை வழியாகத்தான் போகும். அவர் கிரஷரில் பெல்ட் வேலை பார்த்தார். வெடிவைத்து உடைத்த கல் மெஷினுக்குள் போய் ஜல்லியாக வெளியே வரும். அதைச் சுமந்துபோகும் ரப்பர் பெல்ட்டுகள் கிழியும், நழுவும். அவற்றை ஒட்டி, இழுத்து, நேராக்கி ஓடவைப்பது அவர் பொறுப்பு. கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னைவிட பதின்மூன்று, பதினான்கு வயது மூத்தவர். ஆனாலும் என்னை 'சாரே' என்பார்.

ஜூலை மாதம் ஒரு மத்தியானம். தொழிலாளர்கள் தங்கும் கேம்பிலிருந்து வந்த ஒருவர், "இன்னைக்கு அம்பது டிகிரி, நெருப்பு மாதிரி எரியுது" என்றார். இவர் யோசித்துவிட்டு, "நாப்பத்தாறு. ஆபீஸ் வாசல்ல போட்டிருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கிண்டலுக்காகச் சொன்னது அல்ல அது.

பெல்ட் அறுந்தால் எப்போது மறுபடி ஓடும் என்று மேனேஜர் கேட்பார். "மூணேகால் மணிக்கூர்" என்பார். அது என்ன கால் என்று மேனேஜர் முதல் தடவை கேலி செய்தார். பிறகு அந்தக் கால் மணியை நம்பி லாரிகளை வரச்சொல்ல ஆரம்பித்தார்.

நான் ஒருமுறை ஒரு வாரம் காய்ச்சலில் படுத்து எழுந்து டியூட்டிக்குப் போனேன். பார்த்தவர்கள் எல்லாம், "இப்ப பரவால்லையே சார், தெளிஞ்சிட்டீங்க" என்றார்கள். இவர் ஒரு கையெழுத்துக்காக வந்தவர், என்னையே பார்த்தார். "இல்ல சாரே. லீவு போடும்போ இருந்ததுக்கு இப்ப மோசம். கண்ணு மஞ்சளாட்டு இருக்கு." எனக்குக் கோபம்தான் வந்தது. சாயங்காலம் டாக்டரிடம் போனபோது மஞ்சள் காமாலை என்று தெரிந்தது. இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். இவருக்கு நான் நன்றி சொன்னதாக நினைவில்லை.

இந்தக் குணத்தால் அவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. அவர் அறையில் இருந்த தூத்துக்குடிக்காரர் ஒருவர், அம்மா இறந்துவிட்டதாகச் சொல்லி அவசர லீவு கேட்டார். உண்மையில் மனைவிக்குப் பேறுகாலம். அதற்கு லீவு கிடைக்காது என்று அம்மாவைச் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போடப்போன மேனேஜர், ஏதோ தோன்றி, அந்தப் பக்கம் வந்த இவரைக் கூப்பிட்டு இந்தியில் விசாரித்தார். இவர் தரையைப் பார்த்தார். விரல்களைத் தொட்டார். கடைசியில், "அம்மை போன வருசமே செத்துப்போயாச்சு. நாங்க ரூம்ல ஜெபமாலை சொன்னோம்" என்றார். ஜெபமாலைக்கு இந்தியில் சொல் தெரியாமல் தமிழிலேயே சொன்னார். நான்தான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். லீவு போயிற்று.

கேம்பில் இரண்டு வாரம் அவரோடு ஒருவரும் பேசவில்லை. அவரைத் தனியாகக் கூப்பிட்டு நானே சத்தம் போட்டேன்.

"ஒரு வார்த்தை தெரியாதுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"தெரியுமே, சாரே."

"அவர் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில இருக்காங்க."

"அதும் தெரியும். அதைக் கேட்டிருந்தா அதைச் சொல்லியிருப்பேன்."

மறுநாள் காலையில் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே வந்து நின்றார். அந்த மாதக் கடைசியில் அவருக்கு லீவு முறை வந்திருந்தது. அதைத் தூத்துக்குடிக்காரருக்கு மாற்றித் தரும்படி கேட்டார். அடுத்த முறை ஒன்றரை வருடம் கழித்துத்தான் வரும் என்றேன். "வரட்டு" என்று சொல்லிவிட்டு பெல்ட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

இனி என் சினிமாப் பைத்தியத்தைச் சொல்லியாக வேண்டும். நான் திருச்சிக்காரன். அங்கே ஒரு மாடி ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பதினைந்து பேர் உட்கார்ந்து வெளிநாட்டுப் படம் பார்ப்போம். அதில் என்னைப் பிடித்துக்கொண்டவை ஜெர்மனியின் சின்னப் படங்கள். பெரிய கம்பெனி கிடையாது, நட்சத்திரம் கிடையாது. வேலை போன ஒரு கொத்தனார், ரயில் நிலையத்தில் தரை துடைக்கும் ஒரு பெண், அடுத்த நாட்டிலிருந்து கூலிக்கு வந்து பாஷை தெரியாமல் நிற்கும் ஒருவர் என்று, யாரும் திரும்பிப் பார்க்காத ஆட்களை ஒன்றரை மணி நேரம் பார்க்கவைக்கிற படங்கள். நான் அழுதிருக்கிறேன். படம் முடிந்து பஸ்ஸில் போகும்போது கண்டக்டரைக்கூட வேறு கண்ணோடு பார்ப்பேன். அந்தக் கண் மறுநாள் காலை வரைக்கும் இருக்கும்.

எங்கள் கிரஷர் மெஷின் ஜெர்மனியிலிருந்து வந்தது. வருடம் ஒருமுறை அங்கிருந்து ஒரு எஞ்சினியர் வந்து சோதித்துவிட்டுப் போவார். அவருடைய தங்கை அப்படிப்பட்ட படங்களை எடுக்கிறவர் என்பது, அந்தப் பெண் ஒரு கேமராமேனோடு எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து இறங்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது. மெஷினைப் பற்றிய படம் என்று நினைத்து முதலாளி அனுமதி கொடுத்திருந்தார். மைக்கை அந்த அம்மாவே பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் மொத்தக் குழுவும். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார்கள். மேனேஜர் என்னைக் காட்டினார்.

நான் பார்த்த படங்களையெல்லாம் முதல் பத்து நிமிடத்திலேயே அந்த அம்மாவிடம் ஒப்பித்துவிட்டேன். அவர் ஆச்சரியத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் நின்றவர்களிடம், சாப்பாடு எப்படி என்று கேட்கச் சொன்னார். எல்லோரும் "குட், குட்" என்றார்கள். இவர் முறை வந்தது. தட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "இன்னைக்கு உப்பு கூடுதல்" என்றார்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "எனக்கு இவர்தான் வேண்டும்" என்றார்.

நாலு நாள் அவர் பின்னாலேயே சுற்றினோம். இரண்டாம் நாள் அவர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். கேமராவில் ஏதோ சரியில்லை, மறுபடி ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லும்படி அந்த அம்மா கேட்டார்.

"இப்பத்தானே எறங்குனேன்" என்றார் இவர்.

"படத்துக்காக."

"மேல வேலை இல்லையே, சாரே. வேலை இல்லாம ஏறுனா அது சும்மா ஏறுனதாவும்."

இதை நான் அப்படியே மொழிபெயர்த்தேன். நான் உள்ளபடி மொழிபெயர்த்தவற்றில் அநேகமாக அது ஒன்றுதான் உருப்படியானது. அந்த அம்மா கேமராவைத் தாங்கியின் மேல் வைத்துவிட்டு, அவருக்கு மேலே மறுபடி வேலை வருகிறவரை இரண்டு மணி நேரம் வெயிலில் காத்திருந்தார்.

மூன்றாம் நாள் பேட்டி. அவரை மலைக்கு முன்னால் ஒரு டிரம்மின் மேல் உட்காரவைத்தோம். தினமும் இந்த மலையைப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று அந்த அம்மா கேட்டார். நல்ல கேள்வி. இந்த மாதிரிக் கேள்விக்கு அந்தப் படங்களில் எப்படியெல்லாம் பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

அவர் வெகுநேரம் யோசித்தார். "மலையைப் பாக்க மாட்டேன். பெல்ட்டைத்தான் பாப்பேன். பெல்ட்டைப் பாக்கல்லன்னா கை போயிரும்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "நாங்கள் தினமும் மலையைக் கொஞ்சம் தின்கிறோம். மலையும் எங்களைக் கொஞ்சம் தின்கிறது."

அது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையல்ல. அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்திலேயே நான் அதைத் தயார் செய்துவிட்டேன்.

கேமராமேன் கண்ணைக் கேமராவிலிருந்து எடுத்து அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. இங்கே உங்களுக்கு என்ன சிரமம் என்று கேட்டார்.

"சிரமம் உண்டு. போன மாசம் மூணு நாளு கேம்புல தண்ணி வரல்ல. பொறவு வந்துது. ரூம்ல எட்டுபேரு. ஆறுபேருன்னா நல்லது."

நான் சொன்னேன்: "எங்களை இங்கே மனிதர்களோடு எண்ணுவதில்லை. கற்களோடு எண்ணுகிறார்கள்."

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது. இவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் கையையும் பிடித்துக்கொண்டார்.

எழுந்து போகும்போது இவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "சாரே, நான் சொன்னது இத்துனூண்டு. அவங்க எதுக்கு அழுகாங்க?"

"இங்கிலீஷ்ல சொன்னா அப்படி இருக்கும்" என்றேன்.

அவர் யோசித்தார். "ஓ" என்றார். நான் சொன்னதால் நம்பினார்.

இதோடு நின்றிருந்தால், ஏதோ ஒரு வேகத்தில் நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா, பேட்டி முழுவதையும் பதிவுசெய்து ஒரு சிடி அனுப்பினார். படத்துக்கு அடியில் எழுத்துப் போட வேண்டும், மொழிபெயர்க்க வேறு ஆள் வைக்கப் பணமில்லை, உங்களைத்தான் நம்பியிருக்கிறேன், ஒவ்வொரு சொல்லையும் மறுபடி கேட்டுச் சரிபாருங்கள் என்று மெயிலில் எழுதியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். "பெல்ட்டைப் பாக்கல்லன்னா கை போயிரும்" என்று அவர் குரல் தெளிவாக இருந்தது. மூன்று முறை கேட்டேன். பிறகு, மலை எங்களைத் தின்கிறது என்று டைப் செய்து அனுப்பினேன்.

அடுத்த வருடம் படம் வெளியானது. அந்த ஜெர்மன் அம்மாவின் ஊரில் ஏதோ ஒரு சின்ன விழாவில் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம். கற்களோடு எண்ணுகிறார்கள் என்ற வரியை ஒரு பத்திரிகை தலைப்பாகவே போட்டிருந்ததாம். இதையெல்லாம் எழுதி அவர் அனுப்பிய மெயிலை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "அந்த வரி என்னோடது" என்றேன்.

"அப்ப அவர் சொல்லலையா?"

"அவர் சொல்ல வந்தது அதுதான்."

"சொல்ல வந்தாரா, நீங்க சொல்ல வெச்சீங்களா?"

இதெல்லாம் உனக்குப் புரியாது என்று எழுந்து போய்விட்டேன்.

அந்தத் தலைப்பு மெஷின் கம்பெனி வழியாக எங்கள் முதலாளியின் கண்ணுக்கு வந்து சேர ஒரு மாதம்தான் ஆயிற்று. மேனேஜர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மேசையில் அந்தச் செய்தியின் பிரதியும் படத்தின் டிவிடியும் கிடந்தன. மலையைப் பற்றியதை அவர் பெரிதுபடுத்தவில்லை. கற்களைப் பற்றிய வரியை மட்டும் இந்தியில் சொல்லி, இதை நீ சொன்னாயா என்று அவரிடம் கேட்டார்.

எனக்குத் தெரிந்து அவர் யோசிக்காமல் பதில் சொன்னது அந்த ஒரு முறைதான்.

"மைனே ஐஸா நஹி போலா, சாப்." நான் அப்படிச் சொல்லவில்லை என்று.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீதானே மொழிபெயர்த்தாய். சொன்னாரா, இல்லையா?"

அப்போது எனக்கு மனைவியின் விசா நினைவுக்கு வந்தது. மகள் இந்தியன் ஸ்கூலில் மூன்றாம் வகுப்பு படிப்பது நினைவுக்கு வந்தது. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. அந்த ஜெர்மன் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்று நினைத்தேன்.

"சொன்னார் சார்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வழக்கமாகத் தரையைப் பார்க்கிறவர், நேராக என் முகத்தைப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம், படத்தில் தன் குரல் இருக்கிறதே, தமிழ் தெரிந்த யாரையாவது கூப்பிட்டுக் கேளுங்கள் என்று இந்தியில் சொன்னார்.

"இவர் தமிழ்தானே" என்று மேனேஜர் என்னைக் காட்டினார்.

மேனேஜர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "இந்த ஆள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அவர் என்னை நம்பினார் என்று நான் நினைக்கவில்லை. யாரையாவது அனுப்பும்படி மேலேயிருந்து சொல்லிவிட்டார்கள். யாரை அனுப்புவது சுலபம் என்று அவர் பார்த்தார்.

விசாவை ரத்து செய்யும் கேன்சல் பேப்பர் தயார் செய்வது என் வேலை. செய்தேன். அதில், என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டுப் போகிறேன் என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே கையெழுத்து. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று இவர் கேட்டார். சொன்னேன். இந்த முறை சரியாகச் சொன்னேன்.

"அது நெசமில்லையே" என்றார். பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று நாள் வேலையும் இல்லாமல் பயணமும் இல்லாமல் கேம்பில் உட்கார்ந்திருந்தார். கையெழுத்து இல்லாமல் டிக்கெட் கிடையாது, பாஸ்போர்ட் கைக்கு வராது. மேனேஜர் என்னை விரட்டினார். நான் கேம்புக்குப் போய் அவர் கட்டில் ஓரத்தில் நின்றேன்.

"இது ஒரு ஃபார்மாலிட்டிதாங்க. எல்லாரும் போடறதுதான்."

"எல்லாருக்கும் அவங்கவங்க விருப்பமாட்டு இருந்திருக்கும்."

"உங்களுக்குத்தான் கஷ்டம். மாட்டிக்குவீங்க."

அவர் விரல்களைத் தொட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பேப்பரை வாங்கினார். கையெழுத்துக்கு மேலே இருந்த இடத்தில், "போகச் சொன்னதால் போகிறேன்" என்று தமிழில் நிதானமாக எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டார். அந்த ஆபீஸில் அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மேனேஜர் அது அவருடைய ஊர் விலாசமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வண்டி வந்தபோது நான் ஆபீஸை விட்டு வெளியே வரவில்லை. அவர் போன பிறகு தூத்துக்குடிக்காரர் உள்ளே வந்தார். லீவை இவரால் இழந்து, இவரால் திரும்பப் பெற்றவர். என் மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அவரு பொய் சொல்ல மாட்டாரு சார். எங்கம்மா விஷயத்துலயே சொல்லல."

அவ்வளவுதான் சொன்னார். நானிருந்த மிச்ச இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை.

திருச்சிக்குத் திரும்பி ஏழு வருடம் கழித்து, ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் போனேன். பழைய காகிதங்களிலிருந்து அவருடைய ஊர்ப்பெயரை எழுதிக்கொண்டு போயிருந்தேன். கடற்கரையில் இரண்டு பேரிடம் கேட்டேன். சர்ச்சுக்குப் பின்னால் போட் எஞ்சின் ரிப்பேர் செய்கிற ஷெட் என்றார்கள். அவர் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "வாருங்க" என்றார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் மனைவி சாயா போட்டார். நான் யாரென்று அவர் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மனைவி என்னிடம் ஊர், பிள்ளை என்று விசாரித்தாரே தவிர, முகத்தைப் பார்க்கவில்லை.

நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "நான் பொய் சொன்னேன். தப்பு செஞ்சிட்டேன். என்னை மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். கட்டைவிரல் ஒவ்வொரு விரலாகத் தொட்டது. நான் காத்திருந்தேன்.

"மன்னிச்சாச்சுன்னு சொன்னா அது பொய்யாட்டுப் போவும், சாரே" என்றார். "நானும் பாத்தேன். பூசையில, 'நாங்கள் மன்னிப்பது போல'ன்னு சொல்லும்போதெல்லாம் நெனச்சுப் பாத்தேன். எனக்கு இன்னும் வரல்ல."

"வீடு தேடி வந்த மனுசன்ட்ட இப்பிடியா சொல்லுகது?" என்று அவர் மனைவி அதட்டினார்.

"கேட்டாருல்லா" என்றார் அவர்.

சாயாவைக் குடித்து முடித்தேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஸ்டாப் வரை நடந்து வந்தார். நாகர்கோவில் பஸ் இருபது நிமிடம் தாமதம். போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இரண்டு முறை சொன்னேன், நின்றுகொண்டே இருந்தார். பஸ் வந்ததும் எனக்கு முன்னால் ஏறி, ஜன்னலோரம் இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து, "பத்திரமாட்டுப் போங்க" என்றார்.

அதை அவர் சும்மா சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். நாகர்கோவில் வரை என்னால் தலை நிமிர்ந்து உட்கார முடியவில்லை.